லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்த குட்டி பார்க்க எப்படி இருக்கும், குணம் எப்படி? சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ஆனால் குட்டியின் முகத்தைப் பார்த்துக் குணத்தை முடிவு செய்துவிடாதீர்கள். இப்படிக் கலந்து பிறந்த எங்கள் நாய் மிளகிடம் நாங்கள் கற்றுக்கொண்டது இதைத்தான்.

மிளகுக்கு இப்போது ஆறு வயது. தாய், கோவில்பட்டிப் பக்கம் என் மாமா தோட்டத்தில் இருந்த, கன்னி என்ற நாட்டு இன நாய். கறுப்பு உடம்பு, காலிலும் முகத்திலும் செவலை, கண்ணுக்கு மேல் இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகளுக்காகவே அத்தை அதை 'நாலு கண்ணு' என்பார். தகப்பன், பக்கத்துத் தோட்டத்து மஞ்சள் லேப்ரடார். பிறந்த ஏழு குட்டிகளும் கன்னங்கரேல் என்று இருக்கவும், தகப்பன் வேறு நாயோ என்று மாமாவுக்குச் சந்தேகம். கால்நடை மருத்துவர்தான் விளக்கினார். மஞ்சள் லேப்ரடாருக்குள் பெரும்பாலும் கறுப்புக்கான மரபணு மறைந்திருக்கும். அந்த மஞ்சள், தாய் தகப்பன் இருவர் வழியாகவும் வந்தால்தான் குட்டியில் தெரியும். கறுப்புக்கு ஒரு பக்கமே போதும், தாயின் செவலையையும் சேர்த்து மூடிவிடும். மிளகு நல்ல வெயிலில் நிற்கும்போது மட்டும் பின்னங்காலில் லேசாகச் செம்பட்டை தெரியும். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

அகலமான தலையும் தொங்கு காதும் லேப்ரடார்தான். கழுத்துக்குக் கீழே அப்படியே கன்னி: இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், சாட்டை மாதிரி வால். தோள் உயரம் 64 செ.மீ., எடை 26 கிலோ. ரோமமும் தாயைப் போலக் குட்டைதான், கரிசல் காட்டு வெயிலுக்கு அது பெரிய நிம்மதி.

வீட்டுக்கு வருகிறவர்கள் தலையைப் பார்த்துவிட்டு, லேப்ரடார்தானே என்று கையை நீட்டுவார்கள். மிளகு இரண்டடி பின்னால் போய் நிற்கும். உறுமாது, கடிக்காது, ஆனால் தொட விடாது. நாலைந்து முறை வந்து போனவர்களிடம்தான் தானாகப் போய் மூக்கை வைக்கும். பந்தை எறிந்தால் துரத்திப் பிடிக்கும், திருப்பிக் கொண்டு வராது. சத்தம் போட்டு அதட்டினால் அன்று முழுக்கச் சோறு தொடாது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் அதை அதட்டுவதில்லை. மெதுவாகப் பேசினாலே கேட்கும்.

தகப்பன் குணம் வயிற்றிலும் தண்ணீரிலும் இருக்கிறது. தோட்டத்துத் தொட்டியைக் கண்டால் குதித்துவிடும். சாப்பாட்டைக் கண்டால் நிதானம் கிடையாது. லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசியைக் கூட்டும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதைப் படித்த பிறகு அளந்துதான் வைக்கிறோம்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. கன்னி முயல் துரத்திய வம்சம், ஓடுகிற எதையும் கண் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை வயதில் மிளகு பக்கத்து வீட்டுக் கோழியை அடித்துவிட்டது. பணம் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். அதே மாதம் முற்றத்தில் ஓடிய என் மகளைத் துரத்தி இடித்துத் தள்ளியது. பல் படவில்லை, முழங்கால்தான் சிராய்த்தது. அப்போது மகளுக்கு நாலு வயது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பழக்கினோம். மகள் "நில்" என்று சொல்லி அசையாமல் நிற்பாள், மிளகு உட்கார்ந்தால் ஒரு துண்டு அவித்த முட்டை. மூன்று மாதம் விடாமல் செய்தோம். தெருவில் மட்டும் இன்றைக்கும் கயிறு இல்லாமல் விடுவதில்லை.

அதனால் குட்டி எடுக்கும் முன் தாய் இருக்கும் இடத்துக்கே போய் அரை மணி நேரம் உட்காருங்கள். ஆட்களிடம் தாய் எப்படி நடந்துகொள்கிறது, பயந்து ஒளிகிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். மூன்றாவது மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் ஓடும்போது எந்தக் குட்டி பாய்கிறது, எது உட்கார்ந்து பார்க்கிறது என்பது அங்கேயே ஓரளவு தெரிந்துவிடும்.