மீனை ஃப்ரீசரில் எத்தனை நாள் வைக்கலாம்? உருகிவிட்டால் மறுபடி வைக்கலாமா?

எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து வரும் மீன் குறைந்து விலை ஏறிவிடும். அதனால் மே மாதக் கடைசியிலேயே மீன் வாங்கி ஃப்ரீசரை நிரப்பிவிடுவோம். நீங்கள் நாள் கணக்கு கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் மணிக்கணக்கு ஒன்று இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கிலோ சூரை வாங்கினேன். வழியில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பை வண்டியிலேயே தொங்கியது. வீடு வர மதியம் ஆகிவிட்டது. மைனி (அண்ணி) மோந்து பார்த்துவிட்டு, "நாத்தம் ஒண்ணும் இல்ல, நல்ல மீன்தான்" என்றார். கழுவி ஃப்ரீசரில் வைத்தோம். ஒரு வாரம் கழித்து குடம்புளி போட்டுக் குழம்பு, கூட மரச்சீனிக் கிழங்கு. சாப்பிடும்போதே நாக்கில் மிளகைக் கடித்ததுபோல ஒரு சுறுசுறுப்பு. அரை மணி நேரத்தில் எனக்கு முகமும் கழுத்தும் சிவந்து தலைவலி. என் மகளுக்கு முதுகெல்லாம் தடிப்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன மீன் சாப்பிட்டீங்க?"

சூரை, சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி) மூன்றின் சதையிலும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். எங்களுக்கு வந்த சிவப்பும் தடிப்பும் அதனால்தான். ஒருமுறை உண்டாகிவிட்டால் ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஃப்ரீசர் கிருமியைக் கொல்வதுமில்லை, வளரவிடாமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். கெடத் தொடங்கிய மீனை உள்ளே வைத்தால் கெடத் தொடங்கிய மீன்தான் வெளியே வரும். இப்போது சந்தைக்குப் போகும்போது தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கொண்டுபோகிறேன். வழியில் எங்கும் ஏறுவதில்லை.

சரி, நாள் கணக்கு. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நின்றால் சாளை, அயிலை போன்ற நெய் மிகுந்த மீன்கள் இரண்டு மூன்று மாதம் ருசி கெடாமல் இருக்கும்; விளமீன் போன்ற நெய் குறைந்தவை ஆறு மாதம் வரை. பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது. அதில் வைத்ததை இரண்டு வாரத்துக்குள் சமைத்துவிடுங்கள்.

குடலும் செவுளும் எடுத்துக் கழுவி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் ஒரு டப்பாவில் வையுங்கள். என் அம்மா மீன் மூழ்கத் தண்ணீர் ஊற்றி வைப்பார். நல்ல வழி அது. காற்று படாததால் சதை காய்ந்து வெளுக்காது. ஆனால் ஆழமான டப்பா வேண்டாம். நடுவில் இருப்பது உறைய வெகுநேரம் எடுக்கும், உருகவும் அப்படித்தான். தட்டையான டப்பாதான் வசதி. மூடியில் தேதி எழுதுங்கள்.

எடுக்கும்போது முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே உருகி, குளிர்ச்சி குறையாமல் இருப்பதை மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாம். சதை கொஞ்சம் தொளதொளவென்று ஆகும். அடுப்பு மேடையில் வைத்து உருக்கியதைத் திரும்ப வைக்கவே கூடாது.

அப்புறம் கரண்ட். எங்கள் பக்கம் ஆனி ஆடி மழையில் தென்னை ஓலை விழுந்தாலே லைன் போய்விடும். நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காவிட்டால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. நாம் வீட்டில் இல்லாதபோது உருகி மறுபடி உறைந்திருந்தால் எப்படித் தெரியும்? ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போவோம். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் நிம்மதி. டம்ளர் அடியில் கிடந்தால் மைனி மோந்துகூடப் பார்ப்பதில்லை. மீன் முழுவதையும் தென்னை மூட்டில் குழி வெட்டிப் புதைத்துவிடுகிறோம்.