தாலி கோர்ட்டில், அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. போன மார்கழியில் விடியற்காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இரண்டு பேர் அவருடைய ஏழு பவுன் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இழுத்த வேகத்தில் படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்ததில் 1,40,000 ரூபாய் செலவு. நான்கு மாதம் கழித்து ஆட்களைப் பிடித்தார்கள். தாலியும் சங்கிலியில் நான்கு பவுனும் கிடைத்தன. மீதியை உருக்கிவிட்டார்களாம். நகை இப்போது கோர்ட்டில் இருக்கிறது. கேட்டால் "கேஸ் முடியட்டும்" என்கிறார்கள். அம்மா மஞ்சள் கயிற்றோடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். நகை எப்போது வரும்? ஆஸ்பத்திரிச் செலவை யார் கொடுப்பார்கள்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கேஸ் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அப்படிச் சொன்னவர் யாராக இருந்தாலும், அது சட்டம் சொல்வது அல்ல. வழக்கு நடக்கும்போதே நகையை உரிமையாளரிடம் இடைக்காலமாக ஒப்படைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. தங்கம், வெள்ளியை போலீஸ் காவலில் வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. குற்ற வழக்குகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும், 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் அதைப் பற்றிய அறிக்கை தயாராக வேண்டும், அதன் பிறகு 30 நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவு வர வேண்டும் என்கிறது அதன் 497-வது பிரிவு.

ஆனால் அம்மா சார்பில் யாராவது மனுப் போட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். கிரிமினல் வழக்கை நடத்துவது அரசு. அந்த வழக்கில் உங்கள் அம்மா முதல் சாட்சி, அவ்வளவுதான். அவருக்கு என்ன போனது, என்ன வேண்டும் என்று அவரே கேட்காவிட்டால், குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகும் அம்மா வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார்.

மனுவோடு நகைக்கடை பில் இருந்தால் வையுங்கள். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய தாலிக்கு எங்கே பில் இருக்கும் என்பீர்கள். அம்மா அந்தச் சங்கிலி போட்டிருக்கும் கல்யாணப் படங்கள், எப்போதாவது வங்கியில் அடகு வைத்திருந்தால் அந்த நகைக் கடன் ரசீது, இவை எல்லாமே உதவும். நகை கைக்கு வந்ததும் உத்தரவின் நிபந்தனைகளை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். விற்கக் கூடாது, உருவத்தை மாற்றக் கூடாது, கேட்டால் கொண்டுவர வேண்டும் என்று இருக்கும். ஆசையில் அறுந்த சங்கிலியைப் பத்தரிடம் கொடுத்துப் பற்றவைத்துவிடாதீர்கள். அதற்குத் தனியாக அனுமதி வாங்குவதுதான் பத்திரம். தாலியை மட்டும் அதே மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று வக்கீல் மூலம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

உருக்கிய மூன்று பவுனையும் உடனே கைகழுவிவிடாதீர்கள். களவுபோன பொருள் எதுவாக மாறியதோ, அதைக் கொடுத்து எது வாங்கப்பட்டதோ, அதுவும் வழக்குச் சொத்துதான். கட்டித் தங்கம் எதுவும் பறிமுதல் ஆகியிருக்கிறதா என்று இன்ஸ்பெக்டரிடம் கேளுங்கள். ஒரே கட்டிக்கு நான்கைந்து வழக்குக்காரர்கள் உரிமை கேட்கும் நிலைமையும் வரும். அப்போது தீர்ப்பு வரை பொறுக்க வேண்டியிருக்கும்.

சரி, ஆஸ்பத்திரிச் செலவு. முதலில் எஃப்ஐஆரை எடுத்துப் பாருங்கள். அதில் வழிப்பறி மட்டும் இருக்கிறதா, காயமும் இருக்கிறதா? எனக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி பார்க்கும் குறை இது. சங்கிலியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள், உடைந்த கையைப் பற்றி ஒரு வரி இருக்காது. பறிக்கும்போது காயப்படுத்தினால் அது கொள்ளைக் குற்றமாகவே ஆகும், தண்டனையும் கூடும். அதைவிட முக்கியம், காயம் வழக்கில் இல்லையென்றால் காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்பதும் வலுவிழந்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், பிசியோதெரபி ரசீது என்று அத்தனையையும் வாங்கி, ஒரு நகல் விசாரணை அதிகாரிக்கும் ஒரு நகல் அரசு வழக்கறிஞருக்கும் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா கூண்டில் ஏறும் நாளில், "கை உடைந்தது, இவ்வளவு செலவானது, இன்னும் குடத்தைத் தூக்க முடியவில்லை" என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பில்களைச் சான்றாவணமாகக் குறியிடச் சொல்லுங்கள். தண்டனை தரும்போது அபராதத்திலிருந்தோ தனியாகவோ குற்றவாளி நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவிட அதே பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 395-வது பிரிவில் இடம் இருக்கிறது. அதைப் பற்றி ஒவ்வொரு வழக்கிலும் கோர்ட் யோசித்தே ஆக வேண்டும் என்று 2013-ல் அங்குஷ் கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது.

இதில் இரண்டு சிரமம் உண்டு. தண்டனை கிடைத்தால்தான் இந்த நஷ்ட ஈடு. அப்புறம், அவர்கள் அப்பீல் போனால் அது முடியும்வரை பணம் கைக்கு வராது. தொகை போதாது என்று தோன்றினால் நீங்களும் அப்பீல் போகலாம், அந்த உரிமை அதே சட்டத்தின் 413-வது பிரிவில் இருக்கிறது.

அவர்களிடம் காசே இல்லையென்றால்? அதற்காகத்தான் அரசின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம். உங்கள் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், விண்ணப்பத்தை அங்கே கொடுங்கள். அது உடலுக்கு நேர்ந்த பாதிப்புக்கும் மறுவாழ்வுக்கும்தான், போன தங்கத்துக்கு அல்ல. கேட்ட முழுத்தொகையும் கிடைத்துவிடும் என்று நான் நம்பிக்கை ஊட்டமாட்டேன், ஆனாலும் கேளுங்கள். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அம்மாவுக்கு இலவச வக்கீல் கிடைப்பார், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அப்படி. சட்ட உதவி எண்ணான 15100-க்கு போன் செய்தும் வழி கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. எதிர்த்தரப்பிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்து, "ஐம்பதாயிரம் தருகிறோம், ஆளை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்" என்பார்கள். வாசல்படியிலேயே அனுப்பிவிடுங்கள். கூண்டில் மாற்றிச் சொன்னால் வழக்கு சாயும், அதோடு நஷ்ட ஈடும் போகும், அம்மா மேல் பொய்ச் சாட்சி என்று திரும்பவும் கூடும்.

நகையை ஒப்படைக்கும் நாளில் அம்மாவை நேரில் கூட்டிப் போங்கள். அரக்கு சீல் வைத்த கவரைப் பிரித்து, "இது உங்களுடையதுதானா?" என்று கேட்பார்கள். தாலியின் பின்பக்கம், குண்டுமணிகளுக்கு இடையே மஞ்சளும் குங்குமமும் இறுகிக் கிடக்கும், அதைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். எடையை அங்கேயே சரிபார்த்த பிறகுதான் கையெழுத்து. படித்துப் பார்க்க அம்மாவின் கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.