தந்தையின் பெயரால் என்னை அழைக்கிறார்கள்

கேள்வி: மதுரையிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடத்தில் என் தந்தையின் பெயர் இருப்பதால், அலுவலகத்தில் அனைவரும் ‘ஹெர்’ என்னும் மரியாதைச் சொல்லோடு அவர் பெயரைச் சேர்த்தே என்னை அழைக்கிறார்கள். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் மனம் கூசுகிறது. இதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? – வாசகர், மூனிக்

பதில்: பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காத வீட்டில் வளர்ந்தவருக்கு இந்தக் கூச்சம் இயல்பானது. ஆனால் தங்கள் சக ஊழியர்களும் மரியாதை கருதியே அப்படி அழைக்கிறார்கள் என்பதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நெருங்கிப் பழகாத ஒருவரை, அவர் இசைவைப் பெறாமல் சொந்தப் பெயரால் அழைப்பது அந்நாட்டு அலுவலக வழக்கில் உரிமை மீறலாகவே கருதப்படும். இரு தரப்பாரும் மரியாதையையே காட்ட விரும்புகிறார்கள். அதை எந்தப் பெயரின்மேல் ஏற்றுவது என்பதில்தான் வேறுபாடு. எனவே வருத்தத்தைக் காட்டாமல், “எங்கள் வழக்கத்தில் தந்தையின் பெயரை இனிஷியலாக முன்னால் வைப்போம், தாங்கள் சொல்வது என் தந்தையின் பெயர், என்னை இந்தப் பெயரால் அழையுங்கள்” என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலின் கீழும் அந்தப் பெயரையே முதன்மையாகக் குறிப்பிடுங்கள்.

விளக்காமல் விட்டால், பிறர் தம் வழக்கப்படியே நம்மைப் படித்துக்கொள்வார்கள். சதுரங்க உலகம் விசுவநாதன் ஆனந்தை ‘விஷி’ என்று அன்போடு அழைக்கிறது. அவர் பெயர் ஆனந்த், விசுவநாதன் என்பது அவருடைய தந்தையின் பெயர். முன்னால் நின்ற பெயரே அவருடையது என்று மேற்கத்தியர் எடுத்துக்கொண்டதன் விளைவு அது. 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னுமாகத்தான் எழுதினார். அறிவியல் உலகம் கடைசிப் பெயரால் ஒருவரைக் குறிப்பதால், வெண்குறுமீன்கள் எனப்படும், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின் நிறைக்கான வரம்பு ‘சந்திரசேகர் வரம்பு’ என்று அவருடைய சொந்தப் பெயரையே பெற்றது. 1999இல் நாசா ஏவிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்கும் ‘சந்திரா’ என்றே பெயர் அமைந்தது.

கேள்வி: பிறந்த மகனுக்குக் கடவுச்சீட்டு எடுக்கவிருக்கிறோம். குடும்பப்பெயருக்கான இடத்தில் எதை எழுதலாம்? – வாசகி, திருநெல்வேலி

பதில்: குழந்தையின் தந்தையுடைய அல்லது தாயாகிய தங்களுடைய சொந்தப் பெயரை எழுதலாம், நம் இனிஷியல் வழக்கமும் அதுதான். அடுத்த தலைமுறையில் அந்தப் பெயர் மாறும் என்பதால், உறவை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கும். அந்த இடத்தை வெற்றாக விட வேண்டாம் என்பதே என் கருத்து. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களின் அமெரிக்க விசாவில், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் ‘எஃப்.என்.யு.’ என்ற எழுத்துகள் அச்சாகின்றன. பெற்றோர் தேர்ந்தெடுத்துச் சூட்டிய பெயர் ஒருவருக்கு இருக்க, ஆவணம் அப்படிச் சொல்வது வேதனையானது. மலேசியா இதில் நம் வழக்கத்துக்கு இடம் தந்திருக்கிறது: அங்குள்ள தமிழர்களின் அடையாள அட்டையில், சொந்தப் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்று மலாய் மொழியில் குறிக்கும் சுருக்கெழுத்துகள் இருக்கும்.

கேள்வி: உலகமே குடும்பப்பெயரோடு இருக்கும்போது, நமக்கு அது இல்லாதது குறைதானே? – வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. பெரியார் தம் பெயரிலிருந்த ‘நாயக்கர்’ என்பதை நீக்கியவர். தமிழர் பலரின் பெயருக்குப் பின்னால் இன்று எதுவும் இல்லையென்றால், அது முன்னோர் மனமறிந்து எடுத்த முடிவின் பயன். வட இந்திய நண்பர் “முழுப்பெயர் என்ன?” என்று மீண்டும் கேட்கும்போது, இந்த வரலாற்றை அவரிடம் பெருமையோடு சொல்லலாம். ஐஸ்லாந்திலும் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. 1980இல் அந்நாட்டின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகடோட்டிரின் பெயரில் பின்பாதிக்கு ‘ஃபின்போகியின் மகள்’ என்றே பொருள். நாட்டு மக்கள் அவரை விக்டிஸ் என்றே குறிப்பிடுவார்கள். அங்கே தொலைபேசிப் புத்தகமும் சொந்தப் பெயர்களின் அகரவரிசையில்தான் அமைந்திருந்தது.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு ஜப்பானியரும் சீனரும் வருகிறார்கள். அவர்கள் பெயரில் நாம் தவறு செய்யாமல் இருப்பது எப்படி? – வாசகி, ஓசூர்

பதில்: லீ குவான் யூவின் பெயரில் ‘லீ’ என்பதே குடும்பப்பெயர், சீன மரபில் அது முன்னால் வரும். ஜப்பானியப் பெயர்களும் அவ்வாறே என்றாலும், ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் வரிசையை மாற்றிவிடுவார்கள். 2020 முதல் ஜப்பானிய அரசு ஆங்கில ஆவணங்களிலும் குடும்பப்பெயரை முன்னால் எழுதுவதால், இரு வரிசைகளும் தங்கள் மேசைக்கு வரக்கூடும். முதல் சந்திப்பிலேயே “தங்களை எப்படி அழைக்க வேண்டும்?” என்று கேட்டு, அவர்கள் சொல்லும் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.