பேறுகாலத்துல பக்கத்துல ஒரு ஆள்: நீங்க கேட்டதும் நான் சொல்லுததும்

வள்ளியூர்ல இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, டூலான்னா அந்தக் காலத்து மருத்துவச்சி மாதிரியா?

இல்லம்மா. மருத்துவச்சி பிள்ளைய எடுப்பாவ, டூலா எடுக்க மாட்டாவ, ஊசி போட மாட்டாவ, மருந்து சொல்ல மாட்டாவ. வலி ஆரம்பிச்சதுல இருந்து பிள்ளை பொறக்குற வரைக்கும் உங்கள விட்டு நகராம இருக்கதுதான் அவிய வேலை. நர்ஸக்கா ஒரே நேரத்துல நாலு பேரப் பாக்கணும், அவியளக் குத்தம் சொல்ல முடியாது. இடுப்புக்கு மேல உள்ளங்கையால அமுக்கி விடுறது, வலி வரும்போது கூடவே மூச்சு விடுறது, டாக்டர் சொன்னத புரியுற மாதிரி திருப்பிச் சொல்றது, இவ்வளவுதான், ஆனா இது சின்ன விஷயம் இல்ல. பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாக்குற காக்ரேன் அமைப்போட 2017 தொகுப்புல 17 நாட்டுல 15,000 பொம்பளையளுக்கு மேல பாத்திருக்காவ, இப்படி விடாம ஆள் கூட இருந்தா சிசேரியன் குறையுது, வலி நேரமும் கொஞ்சம் குறையுது, பிரசவம்னாலே கசப்பா மனசுல தங்குறதும் குறையுது.

அம்பாசமுத்திரம்: டூலாவுக்கு குடுக்க துட்டு இல்ல, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிதான். கூட ஆள விடுவாங்களா?

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரில 2004லயே பிரசவத் துணைத் திட்டம் வந்தாச்சு. பிள்ளை பெத்த அனுபவம் உள்ள ஒரு பொம்பள ஆள் கூட இருக்கலாம். வீட்டுக்காரர விடுறது மறைவு வசதி உள்ள இடத்துலதான், அத முன்னாடியே கேட்டு வச்சிக்கோங்க. யாரக் கூட்டிட்டு போறதுன்னா, பாசம் ஜாஸ்தி உள்ளவியள விட பதறாதவியளக் கூட்டிட்டு போங்க, உங்க அம்மா அழுவாவன்னா மதினி வரட்டும். பள்ளிக்கூடமே போகாத ஒரு ஆச்சி பேத்தி கூட ராத்திரி முழுக்க நின்னதப் பாத்திருக்கேன், துண்ட நனைச்சு நனைச்சு நெத்தில போட்டுட்டு, குடிக்கலாம்னு டாக்டர் சொன்ன பொறவு கருப்பட்டித் தண்ணிய கரண்டி கரண்டியா குடுத்துட்டு, ஒவ்வொரு வலிக்கும் "இந்தா முடிஞ்சிட்டு மக்ளே, இந்தா முடிஞ்சிட்டு"ன்னு காதுல சொல்லிட்டே இருந்தாவ. அந்த ஆச்சிய விட நல்ல டூலாவ நான் இன்னும் பாக்கல.

சிசேரியன்னா டூலா தேவையான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. தேவைதான், தையலோட எந்திரிச்சு பால் குடுக்க அப்போதான் ஆள் வேணும்.

களக்காடு: பிள்ளை பெத்ததுல இருந்து அத்தை தண்ணியே குடிக்க விட மாட்டேங்காவ, வயிறு பெருத்துரும்னு சொல்லுதாவ.

தண்ணியால வயிறு பெருக்காதும்மா. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் கிட்ட ஆகும். தண்ணிய நிப்பாட்டினா மலம் இறுகி தையல் வலிக்கும், நீர்க்கடுப்பு வரும். பால் குடுக்கவளுக்கு தாகம் ஜாஸ்தி, தாகம் எடுக்கப்பல்லாம் குடிக்கணும். அத்தைகிட்ட சண்டைக்குப் போகாதீங்க, பூண்டுக் குழம்பும் பால்சுறா புட்டும் அவிய ஆசையா செய்யத சாப்பிடுங்க, பிள்ளைய பால் குடுக்க எடுக்கும்போது ஒரு செம்பு தண்ணி பக்கத்துல இருக்கட்டும், தடுப்பூசிக்கு போகும்போது நர்ஸக்கா வாயாலயே அத்தைக்கு சொல்ல வைங்க.

பாளையங்கோட்டை: பிள்ளை பொறந்து ஒரு மாசம் ஆச்சு, காரணமே இல்லாம அழுதுட்டே இருக்கேன்.

மொத ரெண்டு வாரம் அழுக வருது சகஜம், பலபேருக்கு தானா சரியாயிரும். ஒரு மாசம்னா விடாதீங்க, இது உங்க தப்பு இல்ல, நீங்க கெட்ட தாயும் இல்ல, இது வைத்தியத்துல சரியாகுற நோய். இன்னைக்கே வீட்டுல யார்கிட்டயாவது வாய்விட்டு சொல்லிருங்க, டாக்டரப் பாருங்க. அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416க்கு போன் பண்ணா துட்டு கிடையாது, தமிழ்லயே பேசுவாவ. உசுர விட்டுரலாம்னோ பிள்ளைய ஏதாவது பண்ணிருவோமோன்னோ நெனப்பு வந்தா ஒரு நிமிஷம் கூட தனியா இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு போயிரணும்.

இத வாசிக்க வீட்டுக்காரங்களுக்கு: பிள்ளையப் பாக்க வாரவிய எல்லாம் பிள்ளையத்தான் தூக்குதாவ. நீங்க அவளுக்கு ஒரு தட்டு சோறு போட்டுக் குடுத்து, ரெண்டு மணி நேரம் கதவச் சாத்தி தூங்க விடுங்க.