பொமரேனியன் குட்டி வாங்கும் முன் வளர்ப்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

கொழிஞ்சாம்பாறையில் பொமரேனியன் குட்டி பார்த்திருப்பதாகவும், வளர்ப்பவரை நம்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாய், தந்தை இரண்டுக்கும் முழங்கால் பரிசோதனை செய்த சீட்டைக் கேளுங்கள். சின்ன இனங்களில் முழங்கால் சில்லு நழுவுவது பரம்பரையாக வரும். ஓடிக்கொண்டிருக்கும் நாய் பின்னங்காலைச் சட்டென்று தூக்கி, நாலடி நொண்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடும். மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடுவார். இதற்காகத் திருச்சூர் பக்கம் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி வரை போய்வருகிறவர் என்றால் எனக்கு மரியாதை உண்டு.

இணைசேர்க்கும் முன், கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்கான ரத்தப் பரிசோதனையும் வேண்டும். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளின்படி, இணைசேர்க்கும்போது தாய்க்கு 18 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சினைக்காலம் சுமார் 63 நாள். 55ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்துக் குட்டிகளை எண்ணிவைத்தால், பிரசவத்தில் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு சினைப்பருவத்துக்கும் தாயை ஈனவைக்கிறவரிடம், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.