நிலத்தின் வழியே வம்சம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பூர்வீகம் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். கொள்ளுத்தாத்தா வரை பெயர் தெரியும். அதற்கு மேல் சொல்ல வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. நிலமெல்லாம் 1960-களிலேயே விற்றுப்போய்விட்டது. பத்திர அலுவலகம், நீதிமன்றம் ஆகியவற்றின் பழைய பதிவுகளைக் கொண்டு மேலும் சில தலைமுறைகளைக் கண்டறிய முடியுமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: முடியும். ஆனால் பெயரை வைத்துத் தேடாமல் நிலத்தை வைத்துத் தேடுங்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். பங்காளிகள் வீடுகளிலும் அதே பெயர் இருக்கும். சர்வே எண்ணை வைத்துத் தேடினால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

முதலில் வேண்டியது 1960-களின் கிரயப் பத்திரத்தின் நகல். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 வரைதான் பின்னோக்கிப் போகும் என்பதால், அதற்கு முந்திய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கையெழுத்துப் பதிவுகளில் தேடச் சொல்ல வேண்டும். உங்கள் கிராமம் அந்தக் காலத்தில் வேறொரு அலுவலகத்தின் கீழ் இருந்திருக்கக்கூடும். அதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டத்தின்போது சர்வே எண்களின் உட்பிரிவுகள் மாறியிருக்கும் என்பதால், இன்றைய எண்ணோடு பழைய எண்ணையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம்.

பழைய பத்திரம் ஒவ்வொன்றும் ஒரு தலைமுறையை மேலே ஏற்றிவிடும். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஆவணத்தில் வருபவரை அவருடைய ஊர், தொழில் ஆகியவற்றோடு தகப்பனார் பெயரையும், தாயின் மகன் என்றே வழங்கப்படுபவராயின் தாயின் பெயரையும் சேர்த்து அடையாளம் காட்டச் சொல்கிறது. அதனால்தான் ‘இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்’ என்று பத்திரங்கள் தொடங்குகின்றன. அடுத்து, சொத்து எப்படி வந்தது என்ற வாசகத்தைப் பாருங்கள். ‘பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு’ என்றிருந்தால் தகப்பன் வழிச் சொத்து. ‘பாகப்பிரிவினைப்படி என் பாகத்துக்குக் கிடைத்த’ என்றிருந்தால் அந்தப் பிரிவினைப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பிரிவினைப் பத்திரம் கிடைத்துவிட்டால் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் ஒரே காகிதத்தில் வந்துவிடுவார்கள்.

பலர் படிக்காமல் தள்ளிவிடும் நான்கெல்லைப் பகுதியை நான் முதலில் படிப்பேன். பாகம் பிரித்த நிலத்தில் ஒருவர் பங்கை அடுத்து இருப்பது பெரும்பாலும் உடன்பிறந்தவர் பங்குதான். ‘என் சிறிய தகப்பனார் நஞ்சைக்கு மேற்கு’ என்று ஓர் எல்லை சொன்னால், குடும்பத்தில் எல்லோரும் மறந்துபோன ஒரு கிளை அங்கே வெளிப்படுகிறது.

இனி நீதிமன்றம். பத்திரங்கள் கைமாறிய நிலத்தையே பேசும். யார் யாருக்கு என்ன உறவு என்பதை முழுதாக எழுத வைப்பது சண்டைதான். பாகப்பிரிவினை வழக்கில் பிராதுடன் (வழக்கு மனுவுடன்) கொடிவழிப் பட்டியல், அதாவது வம்சாவளி, இணைப்பது வழக்கம். மூல புருஷர் தொடங்கி, சந்ததியின்றி இறந்தவர், சுவீகாரம் போனவர், இரண்டாம் தாரத்தின் மக்கள் என்று எல்லோரையும் அதில் காட்ட வேண்டியிருந்தது. வழக்கு நடக்கும்போதே ஒரு பிரதிவாதி இறந்துவிட்டால் அவருடைய மனைவி, மக்கள் அத்தனை பேரும் வாரிசுகளாகச் சேர்க்கப்படுவார்கள். மைனர்களின் வயதும் குறிக்கப்படும். முற்கால ஆவணங்களில் பெண்களின் பெயர் அரிதாகவே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் ‘மைனர் குமாரனுக்குத் தாயும் கார்டியனுமாகிய’ என்ற வரியில் எத்தனையோ விதவைகளின் பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது.

வழக்கு எண் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். நீதிமன்ற ஏலத்தில் நிலம் விற்கப்பட்டிருந்தால் அந்த விற்பனைச் சான்றின் நகல் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு அசையாச் சொத்து ஆவணங்களுக்கான முதல் புத்தகத்தில் கோக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து வழக்கு எண்ணைப் பிடிக்கலாம். வழக்கில் தரப்பினராக இல்லாதவரும், காரணம் கூறி மனுவும் பிரமாணப் பத்திரமும் கொடுத்து நகல் கேட்கலாம். பிராது முதலிய காகிதங்கள் காலக்கெடு முடிந்தபின் விதிப்படி அழிக்கப்பட்டிருக்கக்கூடும். எனவே தீர்ப்பையும் டிக்ரியையும் முதலில் கேளுங்கள். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிருந்தால், 1876 முதல் வெளிவந்த சென்னை வரிசைச் சட்டத் தீர்ப்புத் தொகுப்புகளையும் புரட்டுவது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கொடிவழிப் பட்டியல் என்பது ஒரு தரப்பின் வாதம். பங்கு கேட்டு வந்தவரைச் சந்ததியே இல்லை என்று காட்டவும், சுவீகாரத்தை மறுக்கவும் அது வரையப்பட்டிருக்கலாம். நீதிபதி எதை ஏற்றார் என்பதைத் தீர்ப்பில் பார்த்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள். இறந்துபோனவர் உறவுமுறை பற்றிச் சொல்லிவைத்ததை, தகராறு எழுவதற்கு முன் சொல்லியிருந்தால் மட்டுமே 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஏற்றது. குடும்ப வரலாறு எழுதுபவருக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்: சண்டைக்கு முந்திய ஒத்திப் பத்திரத்தில் (அடமானப் பத்திரத்தில்) போகிற போக்கில் சொல்லப்பட்ட ‘என் தமையனார்’ என்ற சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

உங்களுடையது இனாம் நிலமாக (மானியமாகக் கொடுக்கப்பட்ட நிலமாக) இருந்திருந்தால் இன்னும் நல்லது. 1858-இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளில், மானியத்தை முதலில் பெற்றவர் யார், விசாரணையின்போது அனுபவித்தவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்பவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். கிராமக் கணக்குகளில் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டே இருக்கும். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கியது. கிராமக் கணக்கரான கர்ணத்தின் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டபோது எல்லா ஊர்களிலும் பழைய கணக்குகள் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டன என்று நான் நம்பவில்லை. பழைய கர்ணம் வீட்டாரையும் ஒரு முறை விசாரியுங்கள்.

கேள்வி: என் தாய் யாழ்ப்பாணத்தவர். அங்கே தாய்வழியில் தேட வழியுண்டா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: தமிழ்நாட்டைவிட நல்ல வழியே உண்டு. ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமை, சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று பிரிக்கிறது. தாயின் சீதனக் காணி மகளுக்குச் சீதனமாகப் போவது வழக்கமாதலால், காணி உறுதிகளை (நிலப் பத்திரங்களை) பின்னோக்கி வாசித்தால் தாய், பாட்டி, பூட்டி என்று பெண்வழியே தொடரலாம். நொத்தாரிசு (பத்திரம் எழுதிச் சான்றளிப்பவர்) எழுதிய சீதன உறுதியில் கொடுப்பவர்களாகப் பெற்றோர் இருவரும் வருவார்கள். காணியின் பெயரையும் ‘பரப்பு’ அளவையும் குறித்துக்கொண்டு காணிப் பதிவகத்தில் கேளுங்கள். அதற்கும் முந்திய ஒல்லாந்தர் காலத் தோம்புகளை (நிலப் பதிவேடுகளை) பற்றிக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் விசாரிக்கலாம்.

கேள்வி: என் பாட்டனார் எழுதிப் பதிவு செய்த உயிலின் நகலை, வாரிசுச் சான்று இல்லாமல் நான் வாங்க முடியுமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: வாங்கலாம். உயில்கள் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகின்றன. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் தருவார்கள். அவர் இறந்த பிறகு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தும் எவரும் பெறலாம். பாட்டனாரின் இறப்புச் சான்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.