தொட்டில் ஏன் காலி?

கேள்வி: மகள் படிக்கும் கான்வென்டில் கிறிஸ்துமஸ் குடில் தயார். மாடு, ஆடு, சூசையப்பர் எல்லாரும் இருக்க, குழந்தை இயேசுவை மட்டும் காணோமே? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தொலைந்துபோகவில்லை, பயப்படாதீர்கள்! இது திருவருகைக் காலம். கிறிஸ்து பிறப்புக்காக நான்கு ஞாயிறு காத்திருப்பு. குழந்தை சுரூபம் (சிலை) 24-ஆம் தேதி இரவுப் பூசையில்தான் குடிலுக்கு வரும். இத்தாலியின் கிரேச்சோவில் 1223-இல் குடில் அமைத்த புனிதர் அசிசி பிரான்சிஸ், நிஜ மாட்டையும் கழுதையையுமே நிறுத்தினாராம்.

எங்கள் பள்ளியில் அரையாண்டுக் கணக்குப் பரீட்சை முடிந்த கையோடு குடில் வேலை. காக்கித் தாளைக் கசக்கிக் கரி பூசினால் மலை. டிபன் பாக்ஸ் மூடியில் கேழ்வரகு விதைத்தால் புல். ஒரு வருடம் நான் தண்ணீரைக் கொட்டோ கொட்டென்று கொட்டி, முளை அழுகி ஒரே நாற்றம். சிஸ்டர் திட்டவில்லை. "தொழுவம்னா மணக்கவா செய்யும்?" என்றார்.